காதளவில் நின்ற கை

கோபிசங்கர் சுவிசிலிருந்து வேலணைக்கு வந்து மூன்றாம் நாளே, சனசமூக நிலைய மண்டபத்தில் குத்துச்சண்டை பழகும் பிள்ளைகளுக்கெல்லாம் பயிற்சிக்காரனாகிவிட்டான். ஒருவரும் அவனை நியமிக்கவில்லை. அவனுடைய மார்பும் புயமும்தான் நியமித்தன. சேட்டுக்குள் அடங்காத அந்த உடம்பைப் பார்த்தவர்கள், இவன் சொன்னால் சரியாய்த்தான் இருக்கும் என்று நம்பிவிட்டார்கள்.

மண்டபத்தில் ஐந்து பெண்கள் பழகினார்கள். அவர்களில் கஜாலினி மாத்திரம் மாகாணப் போட்டிக்குத் தெரிவாகியிருந்தாள். அதற்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. பயிற்சி முடிந்து மற்றவர்கள் தண்ணீர் குடிக்கப் போனாலும் அவள் போகமாட்டாள். கதவு நிலையில் முழங்கையை ஊன்றி நெஞ்சை முன்னே தள்ளுவாள். ஒரு கையை நெஞ்சுக்குக் குறுக்கே இழுத்துப் பிடிப்பாள். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்து மெல்ல மெல்ல உயர்த்துவாள். இருபது நிமிடத்துக்குக் குறையாது.

"உதென்ன, நித்திரையாலை எழும்பிச் சோம்பல் முறிக்கிறீரோ?" என்று கேட்டான் கோபிசங்கர்.

"தோள் இறுகாமல் இருக்கிறதுக்கு, அண்ணை."

"இறுகத்தானே வேணும். இறுகினால்தான் குத்து விழும். உந்த நேரத்துக்கு இன்னும் நாற்பது தண்டால் எடுக்கலாம்."

"யாழ்ப்பாணத்திலை எங்களுக்குப் பழக்கின மிஸ் சொன்னவ..."

"அந்த மிஸ் சுவிசிலை குத்தினவவோ?"

முதலில் சிரித்தது கஜாலினியின் கூட்டாளி ஜசிந்தாதான். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். கஜாலினி கதவு நிலையிலிருந்து கையை எடுத்தவள்தான், பிறகு வைக்கவில்லை. அடுத்த நாளிலிருந்து அவளும் ஈரமணல் கட்டிய பையைத் தலைக்கு மேல் தூக்கினாள், தண்டால் எடுத்தாள், முடிந்தவுடன் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். கோபிசங்கர் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு நின்றான். தான் ஒருநாளும் அந்தப் பையைத் தூக்கிக் காட்டவில்லை.

மூன்றாம் வாரம் அவள் வந்து சொன்னாள்.

"அண்ணை, இடக்கை முழுக்க நீளுதில்லை. குத்தினால் இரண்டு விரலளவு எட்டாமல் நிக்குது."

"புதுச் சதை வைக்குது. அப்பிடித்தான் இருக்கும்."

சொல்லும்போதே அவனுக்கு வாய் கசந்தது. ஆறு வருடத்துக்கு முன் தன் தோளைத் தடவித் தடவி அவன் தனக்கே சொல்லிக்கொண்ட வார்த்தை அது. நீட்டாமல் வளைக்காமல் பாரம் தூக்கித் தூக்கியே இறுகிய தோள், ஒருநாள் குத்தும்போது உள்ளே கிழிந்தது. மூன்றாவது போட்டியோடு அவனுடைய குத்துச்சண்டை முடிந்தது. வேலை கூடிப்போச்சு, விட்டிட்டன் என்று ஊருக்குச் சொல்லியிருந்தான். இப்போது உண்மையைச் சொன்னால் அந்தப் பிள்ளையின் கை தப்பும். ஆனால் சுவிசில் குத்தின கோபியண்ணை என்று ஒருவன் இருக்கமாட்டான். சொல்வோம் என்று மண்டபத்துக்குப் போவான், தண்டாலை எண்ணிவிட்டுத் திரும்புவான்.

இதற்கிடையில் அம்மன் கோயில் கொடியேறியது. ஆண்கள் மேலாடை இல்லாமல்தான் உள்ளே போகவேண்டும். வாசலில் தாய் மீனலோசனி அவனை மறித்தாள்.

"சால்வையாலை மூடாதை. இடுப்பிலை கட்டு. சனம் பாக்கட்டும்."

சனம் பார்த்தது. அவனும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்வரிசையில் நின்றான். திரை விலகியது. "அரோகரா" என்று கோயிலே முழங்க, எல்லாருடைய கைகளும் தலைக்கு மேலே குவிந்தன. கோபிசங்கரின் இடக்கை ஏறியது. வலக்கை காதளவில் நின்றுவிட்டது. இடுப்பைச் சரித்து எத்தனித்தான். அதற்கு மேல் ஏலாது.

பக்கத்தில் நின்ற அயல்வீட்டுத் தம்பிஐயா குனிந்து கேட்டார்.

"என்ன தம்பி, அம்மனுக்கு ஒற்றைக் கையோ?"

அவன் முகத்தைத் திருப்பினான். திருப்பிய பக்கத்தில் பெண்கள் வரிசை. அங்கே கஜாலினியின் இடக்கையும் அரைவாசியில் நின்றது. அவள் அம்மனைப் பார்க்கவில்லை. அவனுடைய தோளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இடுப்பிலிருந்த சால்வையை அவிழ்த்துப் போர்த்துக்கொள்ள வேண்டும்போல அவனுக்கு இருந்தது.

பூசை முடிந்து வெளிவீதிக்கு வந்ததும் அவள் நேரே அவனிடம் வந்தாள்.

"எத்தினை வருசமாய் அண்ணை அந்தக் கை?"

"ஆறு."

"நாங்கள் இப்ப செய்யிறதைச் செய்துதானோ?"

"ஓம்."

"தெரிஞ்சுகொண்டே சொன்னனீங்கள்?"

அவன் மணலைப் பார்த்தான். "தொடங்கேக்கை எனக்கு நானே தெரியாத மாதிரி இருந்திட்டன். கை எட்டேல்லை எண்டு நீர் சொன்ன அண்டைக்குத் தெரியும்."

"அண்டைக்கு ஏன் சொல்லேல்லை?"

"வெக்கமாய் இருந்தது."

"எல்லாரும் சிரிக்கேக்கை எனக்கும்தான் வெக்கமாய் இருந்தது. அதாலை நான் ஒருத்தற்றை கையையும் முடமாக்கேல்லை." குரல் உயரவில்லை. அதுதான் அவனை இன்னும் ஆழமாய்க் குத்தியது. "இன்னும் ஒன்பது நாள். அதுக்குள்ளை இது இளகுமோ?"

"தெரியாது."

"இண்டைக்குத்தான் ஒரு உண்மையைச் சொல்லுறியள்," என்றுவிட்டு அவள் போய்விட்டாள்.

மறுநாள் பின்னேரம் மண்டபத்தில் நாலு பெண்கள்தான் நின்றார்கள். கோபிசங்கர் சேட்டைக் கழற்றி, கையை உயர்த்தி, அது நிற்கும் இடத்தைக் காட்டினான். காரணத்தையும் சொன்னான். ஒருத்தியும் சிரிக்கவில்லை.

"அப்ப இவ்வளவு நாளும் எங்களைக்கொண்டு செய்விச்சது?" என்று கேட்டாள் ஜசிந்தா.

அவன் மணல் பையைக் காலால் சுவரோரம் தள்ளினான். "கஜாலினிக்கு ஒருக்கால் எடுத்துக் கேளும், போட்டிக்குப் போறாவோ எண்டு," என்றான்.

ஜசிந்தா போனை எடுத்துப் பேசினாள். "ஓம்... ஓம்..." என்று கேட்டுக்கொண்டிருந்தவள் அவனைப் பார்த்துச் சொன்னாள்.

"மிஸ்ஸிட்டை நிக்கிறாவாம். தோளை இளக்கப் பாக்கினமாம். எட்டினாலும் எட்டாட்டியும் போய்க் குத்துவாவாம்."

"நல்லது."

"நீங்கள் பாக்க வரவேண்டாமாம்."

"ஓம்," என்றான் கோபிசங்கர்.

இன்னும் ஏதாவது சொல்லுவானோ என்று ஜசிந்தா போனைக் காதில் வைத்தபடியே நின்றாள். அவன் சேட்டை எடுத்து, வலக்கையை முதலில் நுழைத்து, மெதுவாகப் போட்டுக்கொண்டான்.