வெயிலுக்கு நிழல் கட்டியவள்

1

இந்தக் கதை எனக்குச் செவிலிமேடு டவுன் பஸ்ஸில் கிடைத்தது. சோலார் பேனல் மாட்டும் சாமுவேல் முன் சீட்டில் இருந்தார். "அந்த அக்கா வெயிலுக்கு நெழல் கட்டிக்கினு இருந்துச்சுப்பா" என்று பக்கத்து ஆளிடம் சொல்லிவிட்டு, சிரிக்காமல் இறங்கிப் போனார். மிச்சத்தை நான் போட்டுக்கொண்டேன். பொய் வரும் இடங்களை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சொல்ல மறந்த இடங்களில் நம்பிக்கொள்ளுங்கள்.

2

முதல் தொடக்கம்: 'பெரிய காஞ்சிபுரத்தில், மஹாலட்சுமி வீட்டு மாடிப் பேனல்மேல் கோபுர நிழல் விழுந்தது. கொஞ்சம் தள்ளிக்கச் சொன்னாள். கோபுரமும் ஒரு இரண்டடி…'

வேண்டாம். எந்தப் பக்கம் தள்ளியது என்று யாராவது கேட்டால் மாட்டிக்கொள்வேன்.

இரண்டாம் தொடக்கம்: மஹாலட்சுமிக்கு வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. சேலையில் பூ விழ வேண்டுமானால், தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டியை, அதிலிருந்து கயிற்றில் தொங்கும் மிதிப்பலகையைக் காலால் மிதித்துத்தான் இயக்க வேண்டும். இனி மிதித்தால் நடையே போய்விடும் என்றார் டாக்டர். எனவே காலுக்குப் பதில் ஒரு சின்ன மோட்டார். அதற்கு மாடியில் பேனல், கீழே பேட்டரி. ஒரு வாரம் ஓட்டிப் பார்ப்பது, சரிவராவிட்டால் சாமுவேல் கழற்றிக்கொண்டு போவது என்று பேச்சு. பேனல் போனால் மஹாலட்சுமியும் தறியை விட்டு எழுந்துவிட வேண்டியதுதான்.

இதையே வைத்துக்கொள்கிறேன். (தெருக் கரண்ட் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. பூ பாதியில் நிற்கும் நேரம் பார்த்துப் போகவும் செய்கிறது.)

3

காலையில் ஓடிய மோட்டார் மதியத்துக்கு மேல் படுத்துவிடும். தினமும் இதே கதை.

"சூரியன் ஒழுங்கா வேலைக்கு வரான், ஒன் மோட்டாரு வரமாட்டேங்குது. குடுத்துட்டு ஒக்காரும்மா" என்றார் கணவர் குமரகுரு.

"ஒக்காந்துக்கினு இன்னா பண்றது? ஒன் மூஞ்சியப் பாத்துக்கினு இருக்கறதா?"

ஒரு நாள் உச்சிவெயிலில் சாமுவேல் மாடியேறினார். பேனல்மேல் ஒரு பழைய வேட்டி. நாலு முனையும் இழுத்துக் கட்டி, தண்ணீர் வேறு தெளித்திருந்தது.

"இன்னாக்கா இது?"

"தெனமும் உச்சிக்கு மூடிடுவேன். வெயில்ல வெளுத்துடும் இல்ல தம்பி?"

சிரிக்காதீர்கள். சாயம் போட்ட பட்டு நூலை நிழலில் மட்டுமே உலர்த்திய கை அது. நீலமாய் மினுங்கும் ஒரு பொருளைப் பட்டப்பகலில் திறந்துபோட அதற்கு எப்படி மனசு வரும்?

சாமுவேல் வேட்டியை விலக்கிப் பேனலின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தார். "சூடு ஏறினா இது கொஞ்சம் சோம்பேறி ஆயிடும், அது நெசந்தான்கா. அதுக்காகக் கண்ணக் கட்டிட்டு வேலை செய்யச் சொன்னா?"

அடியில் காற்று ஓடட்டும் என்று பேனலின் கால்களை உயர்த்தி வைத்தார். கீழே தரையில் ஒரு நிழல் விரிந்தது. மஹாலட்சுமி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். மறுநாள் அந்த நிழலில் கம்பு கட்டி, அரக்குச் சிவப்புப் பட்டு நூலைத் தொங்கவிட்டிருந்தாள். மேலே வெயில் மோட்டாருக்கு, கீழே நிழல் நூலுக்கு. இந்த இடத்தில் நான் பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அவளை வியந்தேன். இதில் பொய் இல்லை.

மோட்டார் மாலைவரை ஓடியது.*

4

வாரத்தின் கடைசி நாள். பாலாறு பக்கமிருந்து ஒரு கருமேகம் வந்தது. (நான் வைத்ததுதான். எல்லாம் நல்லபடியாகப் போனால் கதை என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.) சேலையில் இன்னும் ஒரு வரிசைப் பூ பாக்கி. மோட்டார் முனகுகிறது. சாமுவேல் ஸ்பேனரோடு வாசலில் நிற்கிறார்.

முடிவு ஒன்று: மேகம் விலகி… வேண்டாம், எனக்கு அவளைப் பிடிக்கும் என்பது தெரிந்துவிடும்.

முடிவு இரண்டு: அவள் வலது காலை மிதிப்பலகைமேல் வைத்து… இதை என்னால் எழுத முடியாது.

நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் குனிந்து, மிதிப்பலகையின் கயிற்றை அவிழ்த்து, பலகையைச் சாமுவேல் கையில் வைத்தாள்.

"எதனா கழட்டிக்கினு போவணும்னா இத எடுத்துக்கினு போ தம்பி. மழைன்னா மோட்டாரு லீவு, நானும் லீவு. வெயில் வந்தா ரெண்டு பேரும் வரோம்."

சாமுவேல் ஸ்பேனரைப் பைக்குள் போட்டார். மேகம் மட்டும் அங்கேயே நிற்கிறது. வைக்கத் தெரிந்த எனக்கு எடுக்கத் தெரியவில்லை. நீங்கள் கொஞ்சம் ஊதிப் பாருங்களேன்.

* பேனலில் புறா எச்சமிடும், துடைக்க வேண்டும். பேட்டரி சில வருடங்களில் கிழடாகும். அதைக் கால்வாயில் போடாமல், பிரித்து உருக்கும் ஆட்களிடம் முறையாகச் சேர்க்க வேண்டும். குறையே இல்லாத பொருளை நான் நம்புவதில்லை. இதை நம்புகிறேன்.