நாலு மாத்திரையில் ரெண்டு

1

"ரெண்ட அவனுக்குக் குடுத்துட்டியா?"

"ஒரே ரூம்ல இருந்தோம்க்கா. சோறு, சோப்பு எல்லாம் ஆளுக்குப் பாதிதான். அஜித்தும் ஒண்ணுக்குப் போனா எரியுதுன்னான். மாத்திரைய மட்டும் ஒளிச்சி வெச்சி எப்பிடித் துன்றது?"

"நாலையும் ஒரே ஆளு ஒரே வேளையில முழுங்கணும்னு குடகு ஆஸ்பத்திரில சொன்னாங்களா இல்லியா?"

"சொன்னாங்க."

2

இந்தக் கதை என் ஆசையில் பிறந்ததல்ல. கள்ளக்குறிச்சிப் பக்கம் ஓர் அரசு மருத்துவமனையில் பால்வினை நோய் ஆலோசகராக இருக்கும் சிவரஞ்சனி கேட்டதால் எழுதுகிறேன். கல்லூரிகளில் அவள் கொடுக்கும் துண்டறிக்கையை மடித்து விசிறிக்கொள்கிறார்களாம். கதை என்றால் படிப்பார்கள் என்று நம்புகிறாள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: பனி மூடிய அந்தத் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கிய இளைஞன்...

(கள்ளக்குறிச்சியில் கடலே கிடையாது. மொழிபெயர்ப்பு நாவலாகவே படித்தால் இப்படித்தான்.)

எனவே அவன் வெள்ளிமலைப் பேருந்திலிருந்து இறங்குகிறான். பெயர் சந்தோஷ். வயது இருபத்து நான்கு. கல்யாணமாகி எட்டு மாதம். ஊர்க்காரர்களோடு குடகுக்கு மிளகு பறிக்கப் போய்வந்தவன்.

3

அடுத்த பிரதியில் அவனைக் குடிகாரனாக்கினேன். மனைவியை அடிக்கவும் வைத்தேன். சிவரஞ்சனி படித்துவிட்டு, "இன்னா எழுதிக்கினு இருக்க? கெட்டவனுக்குத்தான் நோய் வரும்னு ஆயிடும். படிக்கிற பையன், நாமதான் நல்லவனாச்சேன்னு ஆணுறை இல்லாம போவான்" என்றாள்.

அந்தப் பிரதியை அடித்துவிட்டேன். இப்போது அவன் மனைவிக்குப் பூ வாங்கிவருகிறவன்.

குடகில் ஒரு பெண், அவள்...

(இதை முடிக்கப்போவதில்லை. சிவரஞ்சனியும் அவள் யாரென்று கேட்கவில்லை. உறை போட்டிருந்தாயா என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றான்.)

4

"அர மருந்துல ரெண்டு பேருக்குமே கொணமாயிருக்காது. அஜித்தையும் வரச்சொல்லு. கவியாவும் போடணும்" என்றாள் சிவரஞ்சனி.

அவன் மனைவி கவியா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"அவளுக்கு ஒண்ணும் இல்லக்கா."

"பொம்பளைங்களுக்கு வெளிய தெரியாமலே உள்ள இருக்கும். வுட்டா கர்ப்பப்பை கெட்டுடும். ரெண்டு பேரும் இன்னிக்கே முழுங்குங்க. ஏழு நாளு சேராதீங்க. ரத்தமும் பாத்துடுங்க."

"ஒடம்புச் சூட்டுக்குன்னு சொல்லிக் குடுங்கக்கா. நெஜம் தெரிஞ்சா அவங்க அம்மா வூட்டுக்குப் போயிடுவா."

"ஒன் விஷயத்த நான் சொல்லமாட்டேன். அதுக்காகப் பொய்யும் சொல்லமாட்டேன். ஒக்காந்து நீயே பேசு."

5

என்னிடம் இரண்டு முடிவுகள் இருக்கின்றன.

ஒன்றில், சூடு என்று நம்பி விழுங்குகிறாள். குணமாகிறது. அடுத்த மாசியில் அவன் மறுபடி குடகு போகிறான். திரும்பியதும் அவளுக்கு மறுபடி "சூடு". இந்த முறை இளநீர் குடித்தே நாளைக் கடத்துகிறாள்.

இன்னொன்றில், அவன் சொல்லிவிடுகிறான். அவள் மாத்திரையை விழுங்கிவிட்டுத் தனியாகப் பேருந்து ஏறுகிறாள். உடம்பு பிழைக்கிறது. கல்யாணம் பிழைக்குமா? துண்டறிக்கையில் அதற்கு வரி இல்லை. என்னிடமும் இல்லை, உங்களிடம் இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் நான் முடிவெடுக்கும் முன்பே கவியா உள்ளே வந்துவிட்டாள். மேசையில் அவளுக்கான நான்கு மாத்திரைகளும் ஒரு டம்ளர் தண்ணீரும் இருந்தன.

"எனக்கு இன்னாத்துக்கு இது?"

சந்தோஷ் சிவரஞ்சனியைப் பார்த்தான்.

"அந்தக்காவ ஏன் பாக்குற?" என்றாள் கவியா. "நீ சொல்லு."