டிவி சூடாயிடுச்சு

காமாட்சியம்மாள் வீட்டு டிவிக்கு மட்டும் அப்படி என்ன சூடோ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவள் நாத்தனார் வந்து உட்கார்ந்தால் ராத்திரி பத்து மணி வரைக்கும் ஓடும். அவள் மருமகன் வந்தால் கிரிக்கெட், சினிமா என்று பகலெல்லாம் அலறும். நானும் அன்னம்மாக்காவும் போய் வாசற்படி ஓரமாகக் குந்தினால் மட்டும் கால் மணி நேரத்தில் அதற்குச் சூடு ஏறிவிடும்.

"டிவி சூடாயிடுச்சும்மா. கொஞ்ச நேரம் ஆறட்டும். நாளைக்கு வாங்க" என்பாள்.

நாங்களும் எழுந்து வருவோம். இரண்டு வருஷம் அப்படி எழுந்து வந்திருக்கிறோம். ஆறரை மணித் தொடரை நாங்கள் முழுசாகப் பார்த்த நாளை விரல் விட்டு எண்ணிவிடலாம். கதாநாயகிக்குக் குழந்தை பிறந்ததே எங்களுக்கு ஒரு வாரம் கழித்துத்தான் தெரியும்.

ஒரு நாள் மழை. எழுந்து வந்த அவசரத்தில் குடையை அங்கேயே வைத்துவிட்டேன். பாதித் தெருவில் ஞாபகம் வந்து திரும்பிப் போனால், சாத்திய கதவுக்குப் பின்னால் அதே தொடர், அதே அழுகை. சூடு ஆற இரண்டு நிமிஷம் போதும் போலிருக்கிறது! குடையை எடுக்காமலே திரும்பினேன். நனைந்துகொண்டே நின்ற அன்னம்மாக்கா என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது.

"அக்கா, நம்ம வூட்டுக்கு ஒரு டிவி வாங்கறேன். நீ கட்டில்ல குந்திக்கினு காலை நீட்டிக்கினு பாரு. எவ உன்னை எழுந்து போன்னு சொல்றான்னு நானும் பாக்கறேன்."

"சும்மா சொல்லாதடி இந்திராணி."

"காமாட்சி மேல சத்தியம். இவ இல்ல, கோயில்ல இருக்கறவ."

அந்த மழையிலும் அக்கா சிரித்துவிட்டாள்.

அன்னம்மாக்கா எங்கள் தறியில் ஆறு வருஷமாக உட்காருகிறவள். எங்களுடையது கோர்வைப் புடவை. உடம்பு ஒரு நிறம், கரை ஒரு நிறம், இரண்டையும் இழைக்கு இழை கோத்து நெய்வது. அதை ஒற்றை ஆள் நெய்ய முடியாது. என் வீட்டுக்காரர் பரமசிவம் நடுவில் உட்கார்ந்து உடம்பை நெய்வார். பக்கத்தில் உட்கார்ந்து, கரை நூல் சுற்றிய நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் வேண்டும். அந்த ஆள் அக்கா. புருஷன் சூரத்துக்கு மில் வேலைக்கென்று போனவன் திரும்பவில்லை. அகிலா என்று எட்டு வயதில் ஒரு பெண். எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீட்டில் குடித்தனம். தறியில் உட்காரும் முன் சீயக்காய்ப் பொடி போட்டு முழங்கை வரை கழுவுவாள். தலைக்கு எண்ணெய் வைத்த நாளில் இரண்டு தடவை. பட்டில் எண்ணெய் பட்டால் போகாது. அது எங்கள் தெருவில் நடக்கப் பழகும் குழந்தைக்கும் தெரியும்.

இந்தத் தீபாவளி போனசும் என் சீட்டும் ஒன்றாக வந்தன. இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷம். காந்தி ரோடு கடைக்கு மூன்று பேரும் போனோம். அக்கா இல்லாமல் டிவி வாங்குவதா!

வரிசையாக மூன்று வைத்திருந்தார்கள். பதினாலு இஞ்ச், இருபத்தொன்று, இருபத்தொன்பது. கடையில் விற்கிற சிட்டிபாபு ஒவ்வொன்றின் பெருமையையும் ஒப்பித்தான். என் வீட்டுக்காரருக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. திரையில் ஒரு பெண் கட்டியிருந்த புடவையையே முறைத்துக்கொண்டு நின்றார்.

"இன்னாபா இது, அரக்குன்னு காட்டுது, மொளகாப்பழம் மாதிரி இருக்குது?"

"அண்ணா, இது டிவிண்ணா. பொடவ இல்ல."

"அதுக்காக அரக்கு அரக்கா இருக்க வேணாமா?"

அரை மணி நேரம் அவனை நிற்க வைத்து நிறத்தைக் கூட்டு, குறை என்று படுத்தி எடுத்தார். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது. எனக்கு மானம் போயிற்று. அக்காதான் முடிவு சொன்னாள்.

"நடுவுல இருக்கறதே போதும்டி. ரொம்பப் பெருசு வாங்கினா கண்ணு படும். சின்னதுன்னா அந்தக் காமாட்சி வாயில வுழணும்."

ஆட்டோவில் அட்டைப் பெட்டியை வைத்ததும் அக்கா அதை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். எங்கள் பிள்ளையார்பாளையம் வரும் வரைக்கும் விடவில்லை.

வைப்பதற்கு இடம் எங்கே? எங்கள் வீட்டில் இருப்பது ஒரே கூடம். அதில் முக்கால் பாகம் தறி. தறியில் உட்காருகிறவர்களுக்கு எதிரே வைக்கலாம் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"நெய்யறவன் கண்ணு டிவில இருந்தா கோர்வை தப்பும். முதுகுக்குப் பின்னாடி வை."

அப்படியே, நெய்கிறவர்கள் காலை விட்டு உட்காரும் தறிக்குழிக்குப் பின்னால், சுவரோரம் ஸ்டாண்டு போட்டு வைத்தோம். பக்கவாட்டில் கட்டில். தறி நின்ற பிறகு யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து பார்க்கலாம். ஆறு மணிக்குத் தறி நின்றுவிடும். ஆறரைக்குத் தொடர். எவ்வளவு பொருத்தம் என்று பூரித்துப் போனேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நல்ல நேரம் பார்த்து, கேபிள்காரர் கந்தன் வந்தார். ஜன்னல் கட்டையில் ஓட்டை போட்டு ஒயரை இழுத்தார். தறியில் பாதி நெய்த அரக்குப் புடவை. அதன்மேல் வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. நான் டிவி தலையில் மஞ்சள் தடவிப் பொட்டு வைத்தேன். அகலில் நல்லெண்ணெய் ஊற்றித் திரியை விரலால் நிமிண்டி ஏற்றினேன். அதற்குள் கந்தன், "அம்மா, தூசி பறக்குது, பொடவைய மூடுங்க" என்று கத்தினார். ஓடிப்போய் நழுவிக் கிடந்த துணியை இழுத்து மூடிவிட்டு, கற்பூரத்துக்கு ஓடிவந்தேன். படம் வந்தது. அத்தனை சானலும் வந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அக்கா சலவைப் புடவை கட்டிக்கொண்டு, அகிலாவுக்குப் பவுடர் பூசி அழைத்து வந்தாள். கையில் ஒரு தட்டு வாழைக்காய் பஜ்ஜி. என் சந்தோஷத்துக்கு அவள் செய்த சீர்!

"ஏறி உக்காருக்கா. காலை நீட்டு" என்றேன்.

கூச்சப்பட்டு ஓரத்தில் உட்கார்ந்தாள். நானே அவள் காலைப் பிடித்துக் கட்டிலில் நீட்டிவிட்டேன். அகிலா வாசற்படிக்கு உட்புறம் தரையில் உட்கார்ந்து பஜ்ஜி தின்றாள். தொடர் ஆரம்பத்திலிருந்து முடிவு வரை ஓடியது. முடிவில் வரும் பாட்டையும் பேர்களையும் நாங்கள் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தோம். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கதையில் அன்றைக்கு அழ எதுவுமில்லை.

காமாட்சியம்மாளும் வந்து எட்டிப் பார்த்தாள். "இருபத்தொண்ணா? எங்க வூட்ல பெருசா மாத்தப் போறாங்க" என்றாள். போகட்டும், பாவம்.

மறுநாள் காலையில் அவர் தறியை மூடியிருந்த துணியை எடுத்தார். அரக்கு உடம்பில், கரைக்குப் பக்கத்தில், நாலு விரல் பட்ட எண்ணெய்க் கறை. பவுடரைக் கொட்டி வைத்துப் பார்த்தோம். சாக்குக்கட்டி தேய்த்துப் பார்த்தோம். தட்டினால் பவுடர் போனது, கறை போகவில்லை. நெசவாளர் சங்கத்தில் இந்தப் புடவையைப் பழுது என்று தள்ளிவிடுவார்கள். ஒரு மாத வேலை.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. யோசிக்கவே இல்லை. அந்த நேரம் பார்த்து அக்கா கை கழுவிக்கொண்டு உள்ளே வருகிறாள்.

"உம் பொண்ணு பண்ண வேலையைப் பாத்தியாக்கா? பஜ்ஜி தின்ன கையோட தறியைத் தொட்டிருக்குது!"

"ஐயே, இல்லம்மா. அது வாசப்படிய வுட்டு நகரவே இல்ல. நீயே பாத்துக்கினு இருந்தியே."

"நான் டிவியப் பாப்பனா, உம் பொண்ணப் பாப்பனா? தின்னக் குடுத்துக் கூட்டியாந்தது நீதான? உள்ள வுட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்!"

இதையெல்லாம் நான் மெதுவாகச் சொல்லவில்லை. தெருவே கேட்கச் சொன்னேன். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. காமாட்சியம்மாள் வாசலுக்கே வந்துவிட்டாள். அக்கா உள்ளே போனாள். தறியில் உட்கார்ந்து, குனிந்த தலை நிமிராமல் நாடா தள்ளினாள்.

மத்தியானம் அவள் சாப்பிடப் போன பிறகு அவர் என்னைக் கூப்பிட்டார். கறையைக் காட்டினார்.

"புள்ள கை இம்மாம் பெருசா இருக்குமா?"

நான் குனிந்து பார்த்தேன். கேட்காமலே என் கை நீண்டது. நாலு விரலும் அந்த நாலு அடையாளத்தில் அச்சாக உட்கார்ந்தன. அகல் திரியை நிமிண்டிய விரல்கள். நழுவிய துணியை இழுத்த கை. அடிப்பாவி! பிறந்ததிலிருந்து தறி வீட்டில் வளர்ந்தவள், கையைக் கழுவாமல் பட்டைத் தொட்டிருக்கிறேன்.

"இருக்கும், இருக்கும். உங்களுக்கு இன்னா தெரியும்? வேலையப் பாருங்க" என்று அவர் வாயை அடைத்தேன். அவர் என்னையே பார்த்துவிட்டு, துணியைப் போட்டு மூடினார்.

அப்போதே மூன்று வீடு தள்ளிப் போய், "அக்கா, தப்பு என்னுதுதான்" என்று சொல்லியிருக்கலாம். கூப்பிடு தூரம். போகவில்லை. காலையில் தெருவைக் கூட்டிக் கத்தின வாய் இது. காமாட்சியம்மாள் முன்னால் எப்படிப் போய்ச் சொல்வேன்? அவள் சிரிப்பாளே! சாயங்காலம் அக்கா தறியை விட்டு எழுந்து போனதும், இனி வரமாட்டாள், ரோஷக்காரி, தப்பித்தேன் என்று நினைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், அப்படித்தான் நினைத்தேன்.

ஆறரைக்கு வந்து நின்றாள். அகிலாவையும் கூட்டி வந்திருந்தாள். படிக்கு வெளியே நின்றுகொண்டே, "அத்தைகிட்ட கையக் காட்டுடி" என்றாள். அந்தப் பெண் இரண்டு கையையும் விரித்து நீட்டியது. சீயக்காய் வாசனை எனக்கு வந்தது. தேய்த்த தேய்ப்பில் உள்ளங்கை சிவந்திருந்தது.

"இனிமே ஒண்ணும் தின்னக் குடுக்க மாட்டேன்மா. இங்கியே நின்னு பாத்துட்டுப் போறோம்" என்றாள் அக்கா.

எனக்குப் பின்னால் தொடர் ஆரம்பித்துப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவர் கட்டிலிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே விட்டால் பேச்சு வரும். பேச்சு வந்தால் அவர் அந்தத் துணியை எடுத்துக் காட்டிவிடுவார். நான் திரும்பிப் போய் டிவியை அணைத்தேன்.

"டிவி சூடாயிடுச்சுக்கா" என்றேன்.

அக்கா என் முகத்தைப் பார்த்தாள், அன்றைக்கு மழையில் பார்த்தது போலவே. பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

திங்கட்கிழமை அவள் தறிக்கு வரவில்லை. காமாட்சியம்மாள் வீட்டில் நாலு தறி ஓடுகிறது. அங்கே போய் உட்கார்ந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். "நாம போயி கூப்டலாமா?" என்று அவர் கேட்டார். "அவளே வரட்டும். கால்ல வுழணுமா?" என்றேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. ஆள் தேடினார், கிடைக்கவில்லை. கடைசியில் அக்கா இடத்தில் நானே உட்கார்ந்தேன்.

அக்காவின் கை வேகம் எனக்கு வராது. அவள் ஆறு மணிக்கு முடித்துவிட்டுப் போன வேலை எனக்கு எட்டு வரை இழுக்கிறது. பழுதான புடவைக்கு ஈடாக இன்னொன்றும் நெய்ய வேண்டும். ஆறரைக்குத் தொடர் வரும்போது நான் தறிக்குழியில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். டிவி என் முதுகுக்குப் பின்னால். அழுகிற சத்தம் கேட்கும். யார் அழுகிறார்கள் என்று தெரியாது. கழுத்தைத் திருப்பினால் கோர்வை தப்பும். திருப்பாதே என்று அவர் சொல்வதில்லை. அவர் இப்போது என்னிடம் எதுவுமே சொல்வதில்லை.

போன வாரம் ஒரு நாள் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். வாசலில் நிழல் தட்டியது. அகிலா. கடைக்குப் போய்விட்டு வருகிறாள் போலிருக்கிறது, கையில் மண்ணெண்ணெய் பாட்டில். அதைப் படிக்கு வெளியே தள்ளி வைத்துவிட்டு, கதவுக்குள் தலையை மட்டும் நீட்டினாள். பின்னால் ஓடுகிற படத்தை ஒரு தரம் பார்த்தாள்.

"அத்தை, உங்க டிவி சூடு ஆறிடுச்சா?"

கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டாள். ஆறிடுச்சுடி, உள்ள வா, அம்மாவையும் கூட்டியா என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் தறியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார், நான் என்ன சொல்வேன் என்று.

"இன்னும் இல்லடி" என்றேன்.

அவள் பெரிய மனுஷி மாதிரித் தலையாட்டினாள். பாட்டிலை எடுத்துக்கொண்டாள்.

"காமாட்சியம்மா வூட்டு டிவியும் அப்படித்தான், அத்தை" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் நாடாவைத் தள்ளினேன்.