கிளைவின் தங்கப்பல்

ஸ்டோனி கல்லி ஓடையில் தங்கம் தீர்ந்து நூறு வருடத்துக்கு மேலாகிவிட்டது. இப்போது அதில் கிடைப்பதெல்லாம் ஊர் அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொள்ளும் மெர்வ் போடுவதுதான். சனிக்கிழமை காலை, சுற்றுலா பஸ் வருமுன், அருங்காட்சியகத்துப் புட்டியிலிருந்து ஒரு சிட்டிகை தங்கத் தூளை ஓடையில் தூவிவிடுவார். வருகிறவர்கள் தட்டில் மணலை அலசி, இரண்டு மினுக்குப் பார்த்துவிட்டு சந்தோஷமாகப் போவார்கள். ஊரில் எல்லோருக்கும் தெரியும். யாரும் பேசுவதில்லை.

அந்த வாரம் மெர்வுக்கு முட்டியில் ஆபரேஷன். பஸ்ஸில் வருபவர்கள் ஏமாந்து போவார்களே என்று தங்கப்பல் கிளைவ் தூவினார். தபால் நிலைய நோரீன் தூவினாள். மதுக்கடை டக் தூவினார். யாரும் யாரிடமும் சொல்லவில்லை. கடைசியாக நான் போனபோது புட்டியில் கொஞ்சம்தான் இருந்தது. அதையும் தூவினேன்.

பத்து மணிக்கு ஓடையே மின்னியது.

"மேலேருந்துதான் அடிச்சுட்டு வருது!" என்று பஸ்ஸில் வந்த ஒருவர் மண்வெட்டியைத் தூக்கினார். பின்னாலேயே கூட்டம் கரையேறியது.

மேலே இருந்தது கிளைவ் பராமரிக்கும் புல்தரை, ஊர்க்காரர்கள் பந்துருட்டி விளையாடும் இடம். மறுநாள் அதில் இறுதிப் போட்டி. அதன் ஓரங்களை அவர் கத்தரிக்கோலால் வெட்டுவார்.

கிளைவ் கைகளை விரித்து மறித்தார். "ஒரு புல்லைத் தொட்டீங்க, அவ்ளோதான்! அந்தத் தங்கம் நான் போட்டதுங்க!"

"நீயுமா?" என்றாள் நோரீன். "நான்ல போட்டேன்?"

டக் கையைத் தூக்கினார். நான் பாதி தூக்கினேன்.

கூட்டம் சிரித்தது. மண்வெட்டி இறங்கியது. அப்போது சிவப்புத் தொப்பிக்காரி ஒருத்தி பட்டாணி அளவு கட்டி ஒன்றைத் தூக்கிக் காட்டினாள். "அப்ப இது?"

புட்டியில் இருந்தது வெறும் தூள். டக்கின் பார்வை மெல்லப் புல்தரைக்குப் போனது.

"கிளைவ், ஓரமா ஒரு குழி மட்டும்..." என்று நோரீன் குழைந்தாள்.

கிளைவ் வாயைப் பொத்திக்கொண்டார். "அது என் பல்லு."

"என்னது?"

"தூவும்போது தும்மினேன். விழுந்துடுச்சு."

"சீ!" என்று தொப்பிக்காரி கட்டியை அவர் காலடியில் எறிந்துவிட்டு, கையைப் பாவாடையில் துடைத்தாள். பதினொன்றுக்கு பஸ் போய்விட்டது.

மறுநாள் கிளைவ் ஜெயித்தார்.

"சிரிய்யா! கோப்பை வாங்கிருக்க, இழவு வீட்டுல நிக்கிற மாதிரி நிக்கறே!" என்று டக் கேமராவோடு கத்தினார்.

கிளைவ் உதட்டை இறுக்கிக்கொண்டு "ம்ம்" என்றார்.

பிறகு விருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து இறைச்சி பஃப்ஸைக் கடித்தார். தங்கப்பல், இருந்த இடத்திலேயே, பளிச்சென்றது. சட்டென்று வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

நான் தக்காளி சாஸை அவர் பக்கம் நகர்த்தினேன்.