ஃபத்திக்மான் சுட இரண்டு பேர்

எங்கள் தீவில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் எந்த வீட்டைக் கடந்து போனாலும் ஏலக்காயும் கொதிக்கிற பன்றிக்கொழுப்பும் கலந்த வாசனை வரும். உள்ளே ஃபத்திக்மான் என்கிற, முறுக்கிப் பொரிக்கிற இனிப்புப் பலகாரம் சுடுகிறார்கள் என்று அர்த்தம். பெயருக்கு ‘ஏழை மனிதன்’ என்று பொருள். முட்டை மஞ்சள்கரு, பாலேடு, பிராந்தி என்று போட்டு முடிப்பதற்குள் சுடுகிறவர் ஏழையாகிவிடுவார் என்று சிரிப்பார்கள்.

தனி ஆளாக அதைச் சுடுவது கஷ்டம். ஒருவர் மாவைத் தேய்த்து, சாய்சதுரமாக வெட்டி, நடுவில் கீறி, ஒரு முனையைக் கீறலுக்குள் விட்டு இழுக்க வேண்டும். இன்னொருவர் சட்டியை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. என் பக்கத்து வீட்டு எல்ட்ரிட்டுக்குத் துணை அவள் நாத்தனார் தோருன். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து மாவு பிசைவதும் சுடுவதும் எல்ட்ரிட், வெட்டி முறுக்குவது தோருன்.

இந்த வருஷம் இலை உதிரும் காலத்தில் எல்ட்ரிட்டின் கணவன் ஓத்தார் அவளை விட்டுவிட்டு, கடலுக்கு அக்கரையில் விபேக்கே என்கிற பெண்ணின் வீட்டோடு போய்விட்டான். அதற்கப்புறம் தோருன் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. கடையில் எதிரே வந்தாலும் தலையை மட்டும் ஆட்டிவிட்டு மீன் வாங்குவதுபோலத் திரும்பிக்கொள்வாள். தம்பி பக்கம் சேர்ந்துவிட்டாள் என்று எல்ட்ரிட் முடிவு கட்டிக்கொண்டாள். அவளும் கூப்பிடவில்லை.

“இந்த ஒரு வருஷம் கடையில வாங்கிக்கோயேன்மா,” என்றாள் பெர்கன் நகரத்தில் இருக்கும் மகள், போனில்.

“கடையில விக்கிறது அட்டைய மெல்ற மாதிரி இருக்கும்,” என்று சொல்லிவிட்டு, வெள்ளிக்கிழமை மாலையே மாவு பிசைந்து குளிர் அறையில் வைத்துவிட்டாள் எல்ட்ரிட்.

மறுநாள் காலை தனியாக ஆரம்பித்தாள். மாவை முறுக்கிக்கொண்டிருந்தால் கொழுப்பு அளவுக்கு மீறிக் காய்கிறது. கொழுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றால் மாவு இளகிப் பலகையில் ஒட்டுகிறது. முதல் ஈடு வெளியே கறுத்து உள்ளே பச்சையாக இருந்தது. இரண்டாவது ஈட்டுக்கு ஒட்டின மாவைக் கத்தியால் வழித்துக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் புகை எழும்பியது. திரும்பினால் சட்டியின் விளிம்பில் தீ நாக்கு நீட்டிக்கொண்டிருந்தது. அடுப்பை அணைத்தாள், மூடியைப் போட்டு அமுக்கினாள். அந்த அவசரத்தில் மணிக்கட்டு சட்டியில் பட்டுவிட்டது. புகை வந்தால் அலறும் கூரை மணி வேறு காதைக் கிழித்தது.

அப்போதுதான் வாசற்கதவு திறந்து தோருன் ஓடி வந்தாள். பனிக்கோட்டைக் கூடக் கழற்றாமல் எல்ட்ரிட்டின் கையைப் பிடித்து இழுத்துக் குழாய்த் தண்ணீருக்குக் கீழே வைத்தாள். பிறகு நாற்காலியில் ஏறி மணியை நிறுத்தினாள். சன்னல்களைத் திறந்துவிட்டாள். ஈரப்பனி உள்ளே அடித்தது.

“நீ எங்கேருந்து முளைச்ச?” என்றாள் எல்ட்ரிட்.

“வாசல்லதான். கார்ல உக்காந்திருந்தேன்.”

“எவ்வளவு நேரமா?”

“கண்ணாடியெல்லாம் மூச்சுக் காத்துல மங்கிப்போற அளவுக்கு.”

கோட்டைக் கழற்றினாள். உள்ளே சமையல் மேலங்கி கட்டியிருந்தாள். வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். எல்ட்ரிட் அதைப் பார்த்தாள்.

“உள்ள வர்றதுக்கு என்ன? கதவு தொறந்துதானே கெடந்துச்சு.”

“எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றது? என் தம்பி பண்ணிட்டுப் போன காரியத்துக்கு…”

“நீ அவன் பக்கம்னு நெனச்சேன் நான்.”

“நீதான் என் மூஞ்சியில முழிக்க மாட்டேன்னு நான் நெனச்சேன்.” தோருன் கருகின ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். “அவன் ஒன்ன விட்டுட்டுப் போனான். நான் எங்கடி போனேன்? அப்படியே உக்காந்துட்டேன், அவ்வளவுதான்.”

எல்ட்ரிட் குழாயை மூடினாள்.

கெட்டுப்போன கொழுப்பு ஆறட்டும் என்று ஓரமாக வைத்துவிட்டு, வேறு சட்டியில் புதுக்கொழுப்பு வைத்தார்கள். எல்ட்ரிட்டின் கையில் துணி சுற்றியிருந்ததால் சட்டிக்குப் பக்கத்தில் தோருன் விடவில்லை. அவளே சுட்டாள். எல்ட்ரிட் முறுக்கினாள்.

“இது என்ன, ஷூக் கயிறா?” என்றாள் தோருன், அவள் முறுக்கினதைத் தூக்கிக் காட்டி.

“ஒத்தக் கையால செஞ்சு பாரு, தெரியும். நீ சுட்டது மட்டும் என்ன, ஒண்ணு வெள்ளை, ஒண்ணு கறுப்பு. பூனைக்குட்டி மாதிரி.”

தோருன் சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவள் போன் அடித்தது. சட்டியை விட முடியாமல் ஸ்பீக்கரில் போட்டாள். ஓத்தார்.

“அக்கா, எங்க இருக்க? இன்னிக்கு இங்க வர்றதப் பத்தி யோசிக்கிறேன்னு சொன்னியே. விபேக்கே மாவு பெசஞ்சு வச்சிருக்கா. பலகையெல்லாம் ஒட்டுது. என்ன பண்றதுன்னு தெரியல.”

“நான் எல்ட்ரிட் வீட்ல இருக்கேன்.”

சட்டியில் கொழுப்பு சலசலத்தது.

“சரி,” என்றான் ஓத்தார். “மாவுக்கு என்ன பண்ணணும்னாவது சொல்லு.”

“எனக்கு மாவப் பத்தி என்ன தெரியும்? நான் வெட்டுறவ.” தோருன் சட்டியிலிருந்து நான்கைந்தை அரித்து எடுத்தாள். எல்ட்ரிட்டைப் பார்க்கவில்லை. போனையும் வைக்கவில்லை.

எல்ட்ரிட் கையில் இருந்த துண்டைக் கீறி, முனையை நுழைத்து இழுத்தாள். இன்னொன்றையும் முடித்தாள். பிறகு கையை நீட்டிப் போனை வாங்கினாள்.

“ஓத்தார், போன அவகிட்டக் குடு.”

கொஞ்ச நேரம் கழித்து ஒரு மெல்லிய குரல், “விபேக்கே பேசுறேன்,” என்றது. எல்ட்ரிட் அந்தக் குரலை அதுவரை கேட்டதில்லை.

“இன்னும் மாவு தூவாத, கல்லாட்டம் ஆயிடும். துணி போட்டு மூடி வெளிய குளிர்ல வை. கட்டி ஆனதும் கொஞ்சம் கொஞ்சமா எடுத்துத் தேய். மிச்சம் வெளியவே இருக்கட்டும்.”

“சரிங்க. ரொம்ப நன்றி. நான்…”

“கொழுப்ப விட்டுட்டு நகராத,” என்று சொல்லி எல்ட்ரிட் போனை வைத்துவிட்டாள்.

பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே குனிந்து நின்றாள். அழுதாள். தோருன் சட்டியை ஓரமாக நகர்த்திவிட்டு, சுட்டதில் நல்ல நிறமாக இருந்த ஒன்றை அவள் வாயருகே நீட்டினாள். எல்ட்ரிட் மூக்கை உறிஞ்சிக்கொண்டே தின்றாள்.

“உப்புக் கரிக்குது,” என்றாள்.

“அது ஒன் கண்ணீருடி.”

மதியத்துக்கு மேல் இருட்ட ஆரம்பித்தபோது டப்பாக்களில் அடுக்கினார்கள். எனக்கும் ஒரு தட்டு வந்தது. கோணலும் மாணலுமாக இருந்தது, ஆனால் வாயில் வைத்ததும் நொறுங்கியது. கிளம்பும்போது தோருன் தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறாள்: “அவனுக்கு ஒரு டப்பா எடுத்துக்கட்டுமா?”

“வேண்டாம். மாவுக்கு வழி சொன்னேன். இந்த வருஷத்துக்கு அவ்வளவுதான் என்னால முடியும்.”

சரி என்று தலையாட்டிவிட்டுத் தோருன் கிளம்பினாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலை தோருன் எல்ட்ரிட் வீட்டில்தான் சாப்பிட்டாள். மகளும் வந்திருந்தாள். மறுநாள் தோருன் அக்கரையில் தம்பி வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. சாலை பனியில் வழுக்கியதால் அவளும் எல்ட்ரிட்டும் கையைக் கோத்துக்கொண்டு படகுத்துறைக்கு நடந்து போனதை என் சன்னலிலிருந்து பார்த்தேன். திரும்பி வரும்போது எல்ட்ரிட் தனியாக வந்தாள், அவசரமில்லாமல்.