சந்தைக்குள் ஒரு திரை

பெரியவர் குடை நுனியால் சாக்கைக் கிளறினார். கையால் தொடவில்லை. வாய்க்கட்டு அவிழ்ந்ததும் உள்ளேயிருந்த பெண்களுக்கான உள்ளாடைகள் வரவேற்பறைத் தரையில் கலர் கலராகச் சரிந்தன. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தையல் ஆலையிலிருந்து அப்போதுதான் வந்த சின்னவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். பெரியவரின் மனைவி அடுக்களைக் கதவைப் பிடித்தபடி எட்டிப் பார்த்தாள்.

"இத சந்தையில வச்சு விக்கிறியாமே. ஆபீஸ்ல ஒருத்தன் சொல்லிச் சிரிக்கிறான், உங்க தம்பி சம்சாரம் நல்லாக் கூவி விக்குதுனு."

"நான் கூவுறதில்ல மாமா. கூவாமலே வர்றாங்க."

பதில் வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. புருஷன் கட்டட வேலையில் சாரம் சரிந்து செத்த பிறகு, அந்த வீட்டில் அவள் வாய் திறந்து பேசியதே குறைவு. தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய பின்னறையை அவளுக்கு ஒதுக்கியிருந்தார்கள். அதற்கு ஈடாக ஆலைச் சம்பளம் கவரோடு பெரியவர் கைக்குப் போய்விடும். விடிந்தால் வீட்டு வேலை, அப்புறம் ஆலை, திரும்பி வந்தால் மறுபடி வீட்டு வேலை. ஒருமுறை செருப்பு அறுந்து போய்ப் புதுசு கேட்டாள். "போன வருஷந்தானே வாங்கினோம்" என்றார் பெரியவர். அன்றைக்குத்தான் தனக்கென்று ஏதாவது ஒரு வரும்படி வேண்டும் என்று அவளுக்கு உறைத்தது.

என்ன செய்வது என்பதை ஆலையில் கூட இருந்தவள் ஒருத்தியின் தோள் சொல்லிக் கொடுத்தது. இறுக்கமான உள்ளாடைப் பட்டி அறுத்து அறுத்து அங்கே புண்ணாகியிருந்தது. பெரிய அளவாக வாங்கக் கூடாதா என்று கேட்டதற்கு, விற்கிறவன் ஆம்பளை, நெஞ்சைப் பார்த்து அளவு சொல்கிறான், பக்கத்துக் கடைக்காரன் சிரிக்கிறான், கையில் சிக்கியதை வாங்கிக்கொண்டு ஓடி வந்துவிடுவேன் என்றாள் அவள்.

சின்னவள் காதில் கிடந்ததை விற்றாள். மொத்தக்கடைக்குப் போனபோது, வீட்டில் ஆம்பளை யாரும் இல்லையா என்றுதான் முதலாளி முதலில் கேட்டார். இல்லை என்றதும், ரொம்பப் பெரிசும் ரொம்பச் சிறிசுமாக, யாரும் எடுக்காமல் கிடந்த அளவுகளைக் கட்டாகக் கட்டி அவள் தலையில் தள்ளிவிட்டார். ஏமாந்துபோனோம் என்று வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தாள். ஆனால் சந்தையில் எந்தக் கடையிலும் கிடைக்காத அளவுகள் அவைதான். ஆலை விடுமுறை நாளில், கயிறு விற்கிறவருக்கும் பாத்திரக்காரிக்கும் நடுவே தார்ப்பாய் விரித்தாள். பின்னால் இரண்டு கம்பு நட்டுப் பழைய போர்வையைத் திரையாகக் கட்டினாள். பெண்கள் ஒவ்வொருத்தியாக அந்தத் திரைக்குள் வந்தார்கள். பிள்ளை பெற்று உடம்பு பெருத்தவர்கள், எலும்பும் தோலுமாய் இருந்தவர்கள், கூன் விழுந்தவர்கள். போட்டுப் பார்த்துவிட்டு, உடம்புக்குப் பொருந்துவது என்றால் இப்படித்தானா என்று சிலர் கேட்டார்கள்.

ஒரு நாள், முகத்தைத் துணியால் மூடிய பெண்மணி ஒருத்தி வந்தாள். பணக்கார வீட்டுச் சாயல். திரைக்குள் போய் வெகுநேரம் கழித்துத்தான் முகத்துணியை எடுத்தாள். பிறகு சட்டையை விலக்கினாள். இடது பக்கம் தட்டையாக இருந்தது. குறுக்கே நீளமாகத் தழும்பு.

"எங்க வீட்டுக்காரரத் தவிர யாருக்கும் தெரியாது. பிள்ளைக்குக்கூடச் சொல்லல."

கந்தல் துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டு காலம் தள்ளியிருக்கிறாள். அது நழுவிவிடுமோ என்ற பயத்தில் எந்நேரமும் ஒரு கையை நெஞ்சோடு அணைத்தே நடந்து பழகியிருந்தாள். சின்னவள் அளவை மட்டும் எடுத்துக்கொண்டாள். வீட்டில் உட்கார்ந்து, உள்ளாடைக்குள் ஒரு பை தைத்து, துவைத்த பஞ்சும் கனத்துக்குக் கொஞ்சம் கடுகும் வைத்து மூட்டினாள். அடுத்த சந்தையில் அதைப் போட்டுக்கொண்ட அந்தப் பெண்மணி, இரண்டு கைகளையும் தொங்கவிட்டு நின்று பார்த்தாள். அப்புறம் சின்னவளின் தோளில் சாய்ந்து சத்தமில்லாமல் அழுதாள்.

அன்று வரவேற்பறையில் சாக்கைக் கிளறிப் பெரியவர் பொங்கியதற்குக் காரணம் இருந்தது. அவர் மகளுக்கு நல்ல இடத்தில் சம்பந்தம் கூடி வந்திருந்தது. அவர்கள் வந்து போகும்வரை இந்தச் சாக்கு வீட்டில் இருக்கக் கூடாது, சின்னவளும் பின்னறையை விட்டு வெளியே தலை காட்டக் கூடாது என்று உத்தரவு போட்டார். நல்ல காரியம் பேசும் இடத்தில் புருஷன் இல்லாதவள் எதற்கு என்றும் சேர்த்துச் சொன்னார்.

மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று பலகாரம் அத்தனையும் சின்னவள்தான் செய்தாள். பரிமாறியது மற்றவர்கள். மாப்பிள்ளையின் அம்மா கை கழுவப் பின்பக்கம் வந்தாள். தொட்டியருகே நின்ற சின்னவளைப் பார்த்ததும் அவள் முகம் வெளிறிப்போயிற்று. திரைக்குள் அழுத அதே முகம். சின்னவள் முன்பின் தெரியாதவளைப்போலத் துண்டை நீட்டினாள். அவளும் வாங்கித் துடைத்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் சேதி வந்தது. பெண்ணைப் பிடித்திருக்கிறது. ஆனால் சந்தையில் கூச்சநாச்சமில்லாமல் அந்த மாதிரி வியாபாரம் செய்கிறவள் இருக்கும் வீட்டில் சம்பந்தம் வைத்துக்கொள்ள மாப்பிள்ளையின் அம்மாவுக்கு மனசு ஒப்பவில்லையாம். பெரியவர் சின்னவளைக் கூப்பிட்டு, வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

அவள் நாக்கு நுனிவரை வந்தது. ஒரு வார்த்தை போதும். எவள் யாரை அசிங்கம் என்கிறாள் என்று அங்கேயே போட்டு உடைத்துவிடலாம். ஆனால் இரண்டு கைகளையும் தொங்கவிட்டு நின்ற அந்த நிமிஷம் கண் முன்னால் வந்தது. திரைக்குள் பார்த்தது தன்னுடைய சொத்தல்ல, எடுத்துச் செலவழிக்க. வந்த வார்த்தையை விழுங்கினாள்.

"போயிடுறேன் மாமா. ஆனா கடைய விடமாட்டேன். இனிமே என் சம்பளமும் எங்கிட்டதான் இருக்கும்."



சந்தைக்குப் பின்னால், கயிறு கொட்டி வைக்கும் கொட்டகையை ஒட்டி ஓர் அறை கிடைத்தது. மழை பெய்தால் ஒழுகும். ஆனால் உள்ளே தாழ்ப்பாள் இருந்தது. அவள் போனதும் அதே இடத்தில் பெரியவர் மகளுக்குக் கல்யாண நாள் குறித்ததை ஆலையில் யாரோ சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். பத்திரிகை வரவில்லை. இடுப்பில் தூக்கி வளர்த்த பெண் அது.

கல்யாணத்துக்கு முந்தைய சந்தையில், முகத்தை மூடிக்கொண்டு ஒருத்தி கடை முன்னால் வந்து தயங்கினாள். நின்ற விதத்திலேயே தெரிந்தது, பெரியவரின் மனைவி.

"என்னக்கா இவ்வளவு தூரம்?"

"பொண்ணுக்குத்தான்..." என்று குரலைத் தாழ்த்தினாள். "மாப்பிள்ளையோட அம்மாவே சொன்னாங்க. கடையில போய் ஆம்பளைங்ககிட்ட நிக்காதீங்க, சந்தையில ஒரு பொம்பள இருக்கா, அவ கண்ணால பாத்தாலே அளவு சரியா இருக்கும்னு."

"அது நான்தான்னு சொன்னாங்களாக்கா?"

"அது தெரியாமலா? பேரு மட்டும் சொல்லல."

சின்னவள் சாக்கின் அடியில் கையை விட்டு, உறுத்தாத துணியாக, நல்ல தையலாகப் பொறுக்கி எடுத்து அடுக்கினாள். பெண்ணின் அளவை யாரிடமும் கேட்கவில்லை.

"பேப்பர்ல சுத்திக் குடு. ரெண்டு சுத்தா."

கேட்கிற எல்லோருக்கும் சுற்றிக் கொடுக்கிறவள்தான். பழைய பேப்பர் கட்டு காலடியிலேயே கிடந்தது.

"பேப்பர் இல்லக்கா. துணிதானே. கையில எடுத்துட்டுப் போங்க."

பக்கத்துப் பாத்திரக்காரி பேப்பர் கட்டைப் பார்த்தாள், சின்னவளைப் பார்த்தாள். பெரியவரின் மனைவி அடுக்கை வாங்கி உடுப்புக்குள் மறைக்கப் பார்த்தாள். கொள்ளவில்லை. இந்தப் பக்கம் ஒன்று சரிந்தது, அந்தப் பக்கம் ஒன்று தொங்கியது. மறைக்க ஒரு கை, பிடிக்க ஒரு கை என்று அல்லாடியதில் முகத்துத் துணியும் விலகிவிட்டது. கடைசியில் இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு, ஆண்களும் பெண்களும் நெரிந்து கிடந்த சந்தையின் நடுவே திறந்த முகத்தோடு நடக்கத் தொடங்கினாள்.

வரிசையில் அடுத்தவள் காத்திருந்தாள். சின்னவள் திரையை விலக்கிப் பிடித்தாள்.