எண்பது குளியலறைகள்

திருவண்ணாமலையில், செங்கம் சாலையில் ஆசிரமத்தைத் தாண்டினால் ஒரு கடலை எண்ணெய் மில் வரும். அதன் முன்பக்கக் கட்டடத்தின் நெற்றியில் 'அகில உலக அண்ணாமலை ஆன்மிக அன்பர்கள் அன்னதான அறநெறிச் சங்கம்' என்று எழுதியிருக்கும். எழுதிய பெயிண்டருக்கு இடம் போதவில்லை. 'சங்கம்' மட்டும் பக்கச் சுவருக்குத் திரும்பிவிட்டது. மில்லுக்கும் சங்கத்துக்கும் ஒரே உரிமையாளர், பலராமன். மில்லில் முதலாளி, சங்கத்தில் தலைவர்.

பலராமனை ஊரில் யாரும் பொய்யர் என்று சொன்னதில்லை. அவர் சொல்லும் எண்களுக்கு ஊர் ஒரு தள்ளுபடி வைத்திருந்தது, அவ்வளவுதான். கூட்டத்துக்கு வந்தவர்கள் எத்தனை பேர் என்று அவர் சொன்னால் பதினாறில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வார்கள். அதற்குப் பெயர் மாகாணி. அன்னதானக் கணக்கு என்றால் முந்திரி. பாயசத்தில் போடுவதல்ல, பழைய வாய்ப்பாட்டில் வரும் முந்திரி; முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. தினமும் பத்தாயிரம் பேர் சாப்பிடுகிறார்கள் என்று மைக்கில் கேட்டால், டீக்கடையில் நிற்பவர் முப்பது இலை என்று புரிந்துகொண்டு டீயைக் குடிப்பார். தலைவருக்கும் இது தெரியும். தள்ளுபடி போக மீதி சரியாக நிற்கட்டும் என்றுதான் அவரும் தாராளமாகச் சொல்லிவந்தார். இப்படி இரண்டு பக்கமும் நாணயமாக நடந்துகொண்டிருந்த ஏற்பாட்டில், 1984ஆம் வருடம் ஸ்பெயின் நாடு குறுக்கிட்டது.

சரகோசா என்ற ஊரிலிருந்து ரெமேதியோஸ் என்ற அம்மாள் வந்திருந்தார். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்த குளிர்காலத்தில் இருபத்தைந்து பேரை அழைத்து வரப்போகிறார். தங்க இடமும் சாப்பாடும் பார்க்க வேண்டும். பலராமனுக்குச் செய்தி எட்டிய அன்று மாலையே வரவேற்புக் கூட்டத்துக்கு நோட்டீஸ் அடித்தாகிவிட்டது.

மொழிபெயர்க்க ஊரில் ஒரே ஆள், ஹபீபுன்னிசா. அப்பா மதார் சாகிப், சாலையிலுள்ள விடுதிகளுக்கெல்லாம் மெத்தை தைப்பவர். அவர்கள் வீட்டின் பின்போர்ஷனில் மூன்று வருடம் குடியிருந்த ஒரு ஸ்பானியப் பெண்மணியிடம் பேசிப் பேசி ஹபீபா மொழியைப் பிடித்துக்கொண்டாள். இப்போது மாலையில் வகுப்பு நடத்துகிறாள். கைடுகளும் டீக்கடைக்காரர்களும் வந்து உட்கார்ந்து அரை மணி நேரம், முக்கால் கிலோ, ஒன்றேகால் மைல் எல்லாவற்றையும் ஸ்பானிஷில் சொல்லிப் பழகுவார்கள். வகுப்பு நடக்கும் மாடியறை பலராமனுடையது.

கூட்டத்துக்கு முதல் நாள் தலைவர் அவளைக் கூப்பிட்டு ஒத்திகை பார்த்தார். ஆயிரத்துக்கு என்ன சொல்வாய் என்று கேட்டார். 'மில்' என்றாள்.

"மில்லு பின்னாடி கீது. ஆயிரத்துக்கு என்னானு கேட்டேன்."

ஆயிரத்துக்கே அதுதான் சொல் என்றாள் ஹபீபா. லட்சம்? 'சியேன் மில்' என்றாள். தலைவரின் முகம் சுருங்கியது. லட்சம் என்று சொல்லும்போது அவருக்கு வாய் நிறையும், கையும் தானாக மேலே போகும். இவள் என்னடாவென்றால் விக்கல் மாதிரி முடித்துவிடுகிறாள்.

"நான் ஜாஸ்தியா சொல்றேன், நீ கம்மி பண்றே. எனக்குத் தெரியாதுனு நெனச்சியா? நான் சொன்னது பெரிசுனா நீ சொல்றதும் பெரிசா இருக்கணும். காதுல கேட்டுக்கினே இருப்பேன். சபையில என் மானம் போச்சுனா, மறுநாள் மாடிக்குப் பூட்டு."

மதார் சாகிப் அன்றிரவு ஊசியில் நூலைக் கோத்தபடி, அவர் சொன்னதைச் சொல்லிவிட்டு வந்துவிடேன் என்றார். அது முடியாது என்றாள் மகள். பலராமனின் எண்களுக்கு எவ்வளவு கழிக்க வேண்டும் என்று திருவண்ணாமலைக்குத் தெரியும், சரகோசாவுக்குத் தெரியாது. பத்தாயிரம் பேருக்குச் சமைக்கிற இடம் என்று நம்பி அந்த அம்மாள் இருபத்தைந்து பேரைக் கூட்டி வந்து நிறுத்தினால், பொய் சொன்ன வாய் தலைவருடையது அல்ல, அவளுடையது. அதற்குப் பிறகு அவளிடம் ஸ்பானிஷ் படிக்க யார் வருவார்கள்? உண்மையைச் சொன்னால் அறை போகும். சொல்லாவிட்டால் அறைக்கு வர ஆள் இருக்காது.

மறுநாள் மண்டபத்தில் நாற்காலிகள் நிறைந்திருந்தன. முன்வரிசையில் ஹபீபாவின் மாணவர், ஓட்டல்காரர் ஜானி பாஷா. மேடையில் ரெமேதியோஸ் அம்மாள், கழுத்தில் ஆளை மறைக்கும் மாலை. பலராமன் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார்.

"இச்சங்கத்திலே நித்தமும் பத்தாயிரம் பேர் பசியாறுகிறார்கள்."

ஹபீபா கணக்குப் போட்டாள். பத்தாயிரத்துக்கு 'தியேஸ் மில்' என்றால் விக்கல். உண்மையான முப்பது என்றால் அதைவிடச் சின்ன விக்கல். ஆனால் ஸ்பானிஷில் ஒரு சௌகரியம் உண்டு. பங்கு சிறுக்கச் சிறுக்கப் பெயர் நீளும். அவள் மூச்சை இழுத்துக்கொண்டு, பத்தாயிரத்தில் முந்நூற்றிருபதில் ஒரு பங்கு என்றாள்.

"லா திரெஸியெந்தோஸ்வெயின்தெயாவா பார்த்தே தே தியேஸ் மில்."

தலைவர் கண்ணை மூடிக் கேட்டார். ரயில் பாலத்தில் போவதுபோல் இருந்தது. தான் சொன்ன எண் இவ்வளவு பெரியது என்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. ஜானி பாஷாவுக்கு இருமல் வந்தது.

உற்சாகத்தில் தலைவர் எழுதி வைத்திராததையும் சொன்னார். சங்கத்தில் நூற்றறுபது அறைகள். ஹபீபா அதற்கு மாகாணி போட்டாள். "லா தியெஸிஸெயிஸாவா பார்த்தே." பதினாறில் ஒரு பங்கு; பத்து அறை. உண்மையிலும் பத்துதான், இரண்டில் மட்டும் கடலை மூட்டை. பிறகு தலைவர் குளியலறைகளுக்கு வந்தார். எண்பது என்றார். இந்த எண் ஊருக்கே புதிது. இதற்குத் தள்ளுபடி இன்னும் நிர்ணயமாகவில்லை. ஹபீபா அந்தக் கட்டடத்தை மனதில் ஒருமுறை சுற்றி வந்தாள். பின்பக்கம், கிணற்றோரம், தகரக் கதவு.

"லா ஒசெந்தாவா பார்த்தே தே ஒசெந்தா" என்றாள். எண்பதில், எண்பதில் ஒரு பங்கு; அதாவது ஒன்று.

ஜானி பாஷா இருமிக்கொண்டே வெளியே போய்விட்டார்.

ரெமேதியோஸ் அம்மாள் நோட்டீஸின் பின்பக்கத்தில் பென்சிலால் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் ஹபீபாவிடம் மெதுவாக ஒரு சந்தேகம் கேட்டார். சாப்பாட்டுக் கணக்கில் முப்பத்தொன்றேகால் வருகிறதே, அந்தக் கால் ஆள் யார்? வாட்ச்மேன் வீட்டுக் கைக்குழந்தை என்றாள் ஹபீபா. டீச்சர் அதைக் குறித்துக்கொண்டு, திருப்தியோடு எழுந்து பேசினார். பேச்சுக்கு நடுவே சபைக்குப் புரியட்டும் என்று விரல்களையும் காட்டினார். முதலில் பத்து விரல். பிறகு ஒரு விரல்.

தலைவரின் புன்னகை பாதியில் நின்றது. மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு சாய்ந்தார்.

"என்னா ஒத்த வெரலைக் காட்டுறாங்க?"

"குளியலறைங்க, தலைவரே."

"நான் எண்பது சொன்னேன். நீ எத்தினி சொன்னே?"

ஹபீபாவுக்கு மாடியறையின் கரும்பலகையும், வரிசையாகப் போட்ட பெஞ்சுகளும் கண்ணில் வந்து போயின. சமாளிக்க ஒரு பொய் நாக்கு வரை வந்தது. ஆனால் டீச்சரின் விரல் இன்னும் மேலேயே நின்றது.

"இருக்கறதைச் சொன்னேங்க."

பலராமனின் காது சிவந்தது. அவர் திறந்த வாயிலிருந்து சொல் வருவதற்குள் டீச்சர் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். பேச்சு தொடர்ந்தது. ஹபீபா அதைத் தமிழில் சொன்னாள். இந்த ஊரில் நான்கு இடம் பார்த்துவிட்டாராம். எல்லா இடத்திலும் ஆயிரம், லட்சம் என்றார்களாம். போய்ப் பார்த்தால் ஒன்றும் இல்லையாம். ஒரு தலைவர், மாலை மரியாதையோடு மேடையில் நின்று, என்னிடம் ஒரே ஒரு குளியலறைதான் இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்வதை வாழ்க்கையில் இன்றுதான் கேட்கிறாராம். இவ்வளவு அடக்கமான மனிதரை நம்பலாம். இருபத்தைந்து பேரும் இங்கேதான் தங்குவார்கள்.

சபை ஒரு கணம் திகைத்துப் பிறகு கைதட்டியது. பலராமன் கோபத்துக்காகத் திறந்த வாயை அடக்கத்துக்காக மூடினார். இரண்டுக்கும் அதிக தூரம் இல்லை. கைகளைக் கூப்பி, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கண்ணை வேறு ஈரமாக்கிக்கொண்டார். மேடையை விட்டு இறங்கும்போது, அடக்கத்தில் தன்னை மிஞ்ச வட ஆர்க்காடு மாவட்டத்திலேயே ஆள் இல்லை என்று இரண்டு பேரிடம் சொல்லிவிட்டார்.

பூட்டு வரவில்லை. ஆனால் வராது என்று தலைவர் சொல்லவும் இல்லை. ஹபீபா தினமும் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டால் பாடத்தை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தாள்.

இதற்கிடையில் தலைவர் உண்மையை ருசி கண்டுவிட்டார். அடுத்த வாரம் கீழ்பென்னாத்தூரில் ஒரு கல்யாணப் பந்தலில் மைக்கைப் பிடித்து, எங்கள் சங்கத்தில் தினமும் முப்பத்தொரு பேர் சாப்பிடுகிறார்கள் என்றார். தமிழில் அவர் சொன்ன முதல் சரியான எண் அதுதான். பந்தலில் இருந்தவர்கள் வழக்கம்போல் முந்திரி போட்டுப் பார்த்தார்கள். ஒரு ஆளில் பத்தில் ஒரு பங்குதான் வந்தது. சங்கத்தில் அடுப்பே எரியவில்லை என்ற செய்தி பஸ் ஏறி அவருக்கு முன்னால் ஊர் வந்து சேர்ந்தது. வருடா வருடம் அரிசி அனுப்பும் சகாதேவன், அன்னதானத்தை எப்போது மறுபடி ஆரம்பிப்பீர்கள் என்று ஆள் விட்டுக் கேட்டார்.

மறுநாள் மாலை, வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது, ஹபீபா பயந்த செருப்புச் சத்தம் படியேறி வந்தது. தலைவர் உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தமிழ்ல உண்மையைச் சொன்னா அசிங்கமாப் போவுது பாப்பா. எவனும் நம்ப மாட்டேன்றான்."

ஹபீபா சாக்பீஸைக் கீழே வைத்தாள். தலைவர் ஏற்கெனவே முடிவு செய்துகொண்டுதான் வந்திருந்தார். உள்ளூர்க்காரர்களுக்கு இனி பழையபடி அவரே சொல்லிக்கொள்வார். வெளிநாட்டுக்காரர்களுக்கு ஹபீபா சொல்ல வேண்டும். அவர் சார்பில் உண்மை பேச ஒரு ஆள் தேவைப்படுகிறது. அந்த ஆளுக்கு உட்கார ஒரு இடமும் வேண்டுமல்லவா?

"அறை உன்னுது. நான் தலைவரா இருக்கற வரைக்கும் யாரும் கேக்க மாட்டாங்க."

எத்தனை வருடம் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு எண் சொல்லியிருப்பார்.